பட்டியைப் படிப்பது எப்படி? மேய்ச்சல்காரர் குடியிருப்பும் தொல்லியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழ் வாசகர்களும், பல்கலைக்கழகத்தில் தொல்லியலைப் பாடமாக எடுத்த பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இன்னும் ஆடு மேய்த்து இடம் மாறி வாழும் நாமா மக்களை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம். தேவைப்பட்ட இடத்தில் கென்யாவும் தக்காணமும் வரும்.

இன்றைக்கு ஆடு மேய்ப்பவர்களின் குடியிருப்பைப் பார்ப்பதால் தொல்லியலாளருக்கு என்ன லாபம்?

தோண்டும்போது நமக்குக் கிடைப்பது விளைவு மட்டும்தான். கறுப்பாக ஒரு படலம், நாலு எலும்பு, அரைகுறையாக ஒரு கல் வட்டம். எது எதனால் வந்தது என்று மண் சொல்லாது. ஆள் குடியிருக்கும் இடத்தில் காரணம், விளைவு இரண்டுமே கண்ணெதிரே இருக்கும். எங்கே அடுப்பு வைத்தார்கள், சாம்பலை எந்தப் பக்கம் கொட்டினார்கள், எந்த எலும்பு நாய்க்குப் போனது என்று பார்க்கலாம், கேட்கலாம், அளக்கலாம். அவர்கள் இடம் பெயர்ந்த பிறகு ஆறு மாதம், ஐந்து வருடம், இருபது வருடம் கழித்துத் திரும்ப வந்து அதே இடத்தை அளக்கவும் முடியும். இந்தக் கடைசி வேலைதான் பெரிய லாபம். பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

இந்தப் படிப்புக்கு இனத்தொல்லியல் என்று பெயர். பழங்காலத்து மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு இது படம் காட்டும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரு செயல் எப்படித் தடயமாக மாறுகிறது, அந்தத் தடயத்தில் எது முதலில் அழிகிறது, எது கடைசிவரை தங்குகிறது என்பதை இது சொல்லும். தென்னாப்பிரிக்காவில் இது கற்றுக்கொடுத்த பெரிய பாடம் ஒன்று உண்டு. மேய்ச்சல்காரரின் வீட்டைத் தேடினால் கிடைப்பது அரிது, ஆடு அடைத்த பட்டியைத் தேடினால் கிடைக்கும்.

இடம் மாறி வாழ்பவர்கள் தடயமே விடமாட்டார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. 1652-ல் யான் ஃபான் ரீபெக் கேப் முனையில் இறங்கிய நாளிலிருந்தே டச்சுக்காரர்களின் குறிப்புகளில், நாமாவும் ஒரு பிரிவான கோய்கோய் மக்களின் பெரிய முகாம்கள் வருகின்றன. வட்டமாகப் பாய்வீடுகள், நடுவில் ஆடுமாடு, மந்தை மந்தையாக. அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு தேடினால் அதே நிலத்தில் அப்படிப்பட்ட முகாம் ஒன்றைக்கூட எளிதில் காட்ட முடிவதில்லை. இத்தனை ஆயிரம் கால்நடை எங்கே நின்றது என்பது கேப் தொல்லியலின் பழைய தலைவலி.

காரணங்களை இன்றைய நாமா முகாம்களில் நேராகப் பார்க்கலாம். வீட்டின் பாய், சட்டக் கொம்பு, பாத்திரம் எல்லாம் ஆட்களோடு போய்விடும். மண்பாண்டம் கொஞ்சம்தான், அதுவும் உடைந்தால்தான் அங்கே கிடக்கும். கறிக்காக அறுப்பது அரிது, அதனால் எலும்பும் குறைவு. மண் ஆழமில்லாத வறண்ட நிலத்தில் படலத்தின் மேல் புது மண் வந்து மூடாது, காற்றும் வெயிலுமாகச் சேர்ந்து தேய்த்துவிடும். பத்து வெவ்வேறு வருடங்களில் வந்து தங்கிய அடையாளங்கள் ஒரே மேற்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பியும் கிடக்கும்.

மேற்குக் கடற்கரையில் ஃப்ரீடன்பர்க் அருகே உள்ள காஸ்டீல்பெர்க் குன்று விதிவிலக்கு. ஆட்டெலும்போடு கடல்நாய் எலும்பும் சிப்பியும் குவிந்திருக்கின்றன. சிப்பியில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைத் தடுத்து எலும்பைக் காப்பாற்றியது. கடற்கரை உணவு இல்லாத உள்நாட்டு முகாமுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆக, காஸ்டீல்பெர்க்கை வைத்து எல்லா மேய்ச்சல் முகாமும் இப்படித்தான் இருந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

இப்போது எங்கே போய்ப் பார்க்கலாம்?

வடக்குக் கேப் மாகாணத்தில், ஆரஞ்சு நதி வளைவுக்குள் இருக்கும் ரிக்டர்ஸ்ஃபெல்ட். அங்கே நாமா குடும்பங்கள் பருவத்துக்கு ஏற்ப ஸ்டாக்போஸ்ட் என்ற மேய்ச்சல் முகாம்களுக்கு இடையே மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த வாழ்முறைக்காகவே 2007-ல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிலம் அந்தச் சமூகத்தின் கையில் இருக்கிறது. அதற்கு அருகிலேயே தேசியப் பூங்காவும் இருக்கிறது. 1991-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி பூங்காவுக்குள்ளும் அவர்கள் ஆடு மேய்க்கலாம். தெற்கே காமிஸ்பெர்க் மலைப்பகுதியில் லீலீஃபோன்டேன் பொது நிலத்திலும் இதே மாதிரி முகாம்கள் உண்டு.

டர்பனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தரைவழி. தேசியப் பூங்காவுக்குள் சாதாரண கார் செல்லாது. உயரமான பக்கியோ (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஃபோர்-பை-ஃபோரோ வேண்டும். அங்கே மழை குளிர்காலத்தில்தான், அதுவும் சொற்பம். கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதனால் பார்வையிட குளிர்மாதங்களே நல்லது. பேச்சு ஆஃப்ரிகான்ஸ் அல்லது நாமா. முதியவர்களை ஊம் (மாமா), டான்னி (அத்தை) என்று விளிப்பது மரியாதை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பாய்வீட்டைப் பிரித்துக்கொண்டு போனபின் தரையில் என்ன மிஞ்சும்?

முதலில் வீடு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிய வேண்டும். நாமா மொழியில் ஹரு ஓம்ஸ் எனப்படும் அந்த வீட்டுக்குப் பச்சைக் கொம்புகளின் கீழ்முனையைச் சீவி, வட்டமாகத் தரையில் குத்தி, மேல்முனைகளை வளைத்துக் கட்டிக் கவிழ்த்த கூடை வடிவில் சட்டம் அமைப்பார்கள். குறுக்களவு பெரும்பாலும் மூன்று நான்கு மீட்டர். அதன்மேல் கோரைப் பாய்களைப் போர்த்திக் கட்டுவார்கள். கோரைத் தண்டுகளை வரிசையாக வைத்து, ஊசியால் குறுக்கே துளைத்துக் கயிறு கோத்துச் செய்த பாய். வெயிலில் தண்டு சுருங்கி இடைவெளி விழும், காற்று வரும். மழையில் தண்டு ஊறிப் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இன்று பாய்க்குப் பதிலாகச் சாக்கும் தார்ப்பாயும் சேர்ந்திருக்கும்.

இதைப் பிரித்தால் மிஞ்சுவது: ஆழம் குறைந்த கொம்புக்குழிகளின் வளையம். கெட்டியாக மிதிபட்ட தரை, சாணம் மெழுகியிருந்தால் இன்னும் கெட்டி. காற்று அதிகமான மேட்டில் பாயின் விளிம்பை அழுத்திய கற்கள். அடுப்பிருந்த இடத்தில் செம்மண்ணாய்ச் சிவந்த வட்டம். வீட்டுக்கு வெளியே, புதர்க்கிளைகளை நட்டுச் செய்த சமையல் மறைப்புக்குள் அடுப்பு இருந்தால் அங்கே சாம்பல் கனமாக இருக்கும்.

இதில் எவ்வளவு காலம் எது நிற்கும்? மணற்பாங்கான இடத்தில் கொம்புக்குழிதான் முதலில் போகும். கல் வளையம் நிற்கும், ஆனால் அடுத்து வருபவர் அந்தக் கற்களை எடுத்துத் தன் அடுப்புக்கு வைத்துக்கொள்வார். கல் எடுத்த வளையம் பாதி வட்டமாகவே தெரியும், தோண்டுபவர் அதைக் காற்றுத் தடுப்பு என்று எழுதிவிடுவார். சிவந்த அடுப்புத் தரை மேற்சொன்ன எல்லாவற்றையும்விட நீடித்து நிற்கும்.

இன்னொன்று. பெருக்கும்போது பெரிய பொருட்கள் வெளியே போய்விடும், சிறியவை மண்ணுக்குள் மிதிபட்டுத் தங்கும். மணி, ஊசி முனை, முட்டையோட்டுத் துணுக்கு, குட்டியின் பால்பல் ஆகியவை வீட்டுத் தரைக்குள்தான் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் இவை மொத்தமும் கீழே விழுந்து போகும். வீட்டுத் தரைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் சல்லடை வைத்தே ஆக வேண்டும்.

பட்டியை மண்ணில் எப்படி அடையாளம் காண்பது?

கட்டுரையின் பாரம் இந்தக் கேள்விமேல்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முள்வேலியோ கல்லோ சுற்றி, இரவில் ஆடு அடைக்கும் இடம்தான் பட்டி. தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் கிரால் என்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நாள்தோறும் குளம்படியில் மிதிபட்டு இறுகி, மெல்லிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று படியும். வெட்டிப் பார்த்தால் அலை அலையாகப் பழுப்பு வரிகள் தெரியும். வேறு எந்தக் குப்பையும் இப்படி அடுக்காது.

கென்யாவில் மாசாய் மக்கள் கைவிட்ட குடியிருப்புகளில், ஒரு வருடம் முதல் சில பத்து வருடங்கள் வரை பழையவற்றில், ரூத் ஷஹாக்-குரோஸ் குழுவினர் இதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். கரிமப் பொருள் மக்கிப்போன பிறகும் அந்த அலைத்தகடு அமைப்பும், புல்லிலிருந்து வந்த சிலிக்காத் துகள்களும் மிகுதியாக இருந்தன. வேலி போய்விட்டது, வீடு போய்விட்டது, பட்டி மட்டும் மண்ணில் எழுதிவைத்ததுபோல் இருந்தது. பிறகு 2018-ல் வெளிவந்த ஆய்வில் கென்யாவிலேயே 3,700 வருடம் வரை பழைய மேய்ச்சல் குடியிருப்புகளின் மண்ணில் பாஸ்பரஸ், கால்சியம், மெக்னீசியம், கனமான நைட்ரஜன்-15 எல்லாம் சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாக இருப்பது தெரிந்தது. அங்கே புல்லும் இன்றுவரை செழிப்பு.

ஆய்வகத்தில் தேடுபவை:

- சாண உருண்டைகள். அசைபோடும் விலங்கின் குடலில் உருவாகும் 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள சுண்ணாம்பு உருண்டைகள். குறுக்குத் தளவாக்க ஒளியில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கறுப்புச் சிலுவை தெரியும்.
- தாவர சிலிக்காத் துகள்கள். எந்தப் புல், எந்தப் பருவம் என்பதற்குத் துப்பு.
- பாஸ்பேட் அளவு, நைட்ரஜன்-15.
- கழிவுக் கொழுப்புகள். மனிதக் கழிவையும் மேய்ச்சல் விலங்கின் கழிவையும் பிரிக்க உதவும்.

இதில் எங்கெங்கே தவறு வரும்?

அமில மண்ணில் சாண உருண்டை கரைந்துவிடும். உருண்டை இல்லை, அதனால் பட்டி இல்லை என்று எழுதுவது பொதுவாக நடக்கும் பிழை. மண்ணின் பிஎச் அளவை முதலில் பார்த்துவிட்டுத்தான் உருண்டையைத் தேட வேண்டும். அமில மண் என்றால் சிலிக்காத் துகளையும் பாஸ்பேட்டையும் நம்பலாம்.

உருண்டை ஆடா மாடா என்று சொல்லாது. பன்றி, நாய், குதிரை சாணத்தில் அரிதாகவே இருக்கும், அவ்வளவுதான் பிரிக்க முடியும்.

ஒப்பீட்டு மாதிரி எடுக்காமல் வருவது அடுத்தது. பட்டிக்குள் எடுத்த மண்ணில் பாஸ்பேட் அதிகம் என்று சொல்ல, பட்டிக்கு வெளியே எடுத்த மண் வேண்டும். அதுவும் முகாமுக்கு ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, காற்று வரும் திசையில், ஆடு நடமாடாத இடத்தில். அருகிலேயே எடுத்தால் காற்றில் பறந்து வந்த புழுக்கைத் தூளே வெளி மண்ணாகக் கணக்கில் சேரும்.

இன்னொன்று மனிதர் செய்வது. எரு விலைமதிப்புள்ள சரக்கு. நேட்டாலில் கரும்பு ஒப்பந்தம் முடிந்து காய்கறித் தோட்டம் போட்ட நம் முன்னோருக்கும் கிரால் எருவின் அருமை தெரியாததல்ல. பக்கத்தில் தோட்டம் இருக்கும் இடத்தில் பட்டியை வழித்து அள்ளிவிடுவார்கள், நூறு வருடம் கழித்து அங்கே வெறும் குழிதான் இருக்கும். எருவை யார் எடுத்தார்கள் என்று உயிரோடு இருக்கும் முகாமில் கேட்டால் ஒரே நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும்.

நம் ஊரில் வயலில் கிடை போடுவார்களே, அதுவும் இப்படித் தடயம் விடுமா?

விடாது, அதனால்தான் இந்தக் கேள்வி அருமையானது. இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போகும் மேய்ப்பர்கள், படலைச் சுற்றி வயலில் ஆட்டை அடைப்பார்கள். சில இரவுகளில் படலைப் பிடுங்கி அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். வயல்காரருக்கு வேண்டியது உரம், அதற்காகத்தான் கீதாரிக்குக் கூலி. மழை வந்ததும் உழுது கலக்கிவிடுவார். தகடு தகடாகப் படிவதற்கு நேரமே கிடையாது.

நாமா முகாமில் உழவு இல்லை, ஆட்டை ஒரே பட்டியில் மாதக்கணக்கில், வருடா வருடம் அடைப்பார்கள். அதனால் படிவு கனக்கிறது. ஆடு ஒன்றுதான், மேய்ப்பவர் உழைப்பும் அதேதான். உரம் யாருக்குப் போகிறது என்பதை வைத்துத் தடயம் தலைகீழாக மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் பழைய மேய்ச்சல் முகாம் கிடைக்கவில்லை என்பதால் அங்கே மேய்ச்சல் இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

எரிந்த சாணம், சாம்பல் மேடு என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன?

சாணத்தில் புல்லின் சிலிக்காவும் உப்புகளும் இருக்கின்றன. குவிந்த சாணம் தீப்பிடித்து உள்ளே நெடுநேரம் கனன்றால் அது உருகி, நுரைத்த கண்ணாடிக் கட்டி மாதிரி ஆகிவிடும். இரும்பு உருக்கிய கசடு என்று பலர் ஏமாந்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும், காந்தம் ஒட்டாது. உடைத்தால் உள்ளே குமிழ்கள்.

லிம்போபோ பள்ளத்தாக்கிலும் கிழக்கு போட்ஸ்வானாவிலும் இப்படிப்பட்ட பட்டிகள் நிறைய. அவற்றின்மேல் ஒரு குறிப்பிட்ட புல் அடர்ந்து வளர்கிறது, வானிலிருந்து எடுத்த படத்தில் வெளிர்த் திட்டாகத் தெரியும் என்று ஜேம்ஸ் டென்போ 1979-ல் எழுதினார். அந்தப் புல்லின் தாவரப் பெயர் சென்க்ரஸ் சிலியாரிஸ். கொங்கு நாட்டுக் கொறங்காட்டில் ஆட்டுக்கு விதைக்கிறார்களே, அந்தக் கொழுக்கட்டைப் புல்தான். படத்தைப் பார்த்தே ஆயிரம் வருடத்துப் பட்டிகளைக் குறித்துக்கொண்டு போய்ச் சரிபார்க்க முடிந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பகுதிகளின் புதிய கற்காலச் சாம்பல் மேடுகள் எரிந்த மாட்டுச் சாணம்தான். உட்னூரில் 1957-ல் தோண்டிய ரேமண்ட் ஆல்ச்சின் மரவேலியின் குழிகளையும், மண்ணில் பதிந்த மாட்டுக் குளம்படிகளையும் கண்டார். குளம்படி கிடைத்தபின் அது எரிமலைச் சாம்பலா, கசடா என்ற பழைய பேச்சுக்கு இடமில்லாமல் போனது. எதற்காக எரித்தார்கள் என்பது மட்டும் இன்னும் வாதத்தில் இருக்கிறது.

எலும்பை வைத்து மந்தையைப் பற்றி என்ன சொல்லலாம்?

முதலில் நாய்களைக் கணக்கில் எடுங்கள். நமீபியாவின் குயிசெப் ஆற்றங்கரையில் ஆடு வளர்க்கும் டோப்னார் மக்களின் குடியிருப்புகளில் தின்று வீசிய ஆட்டெலும்புகளை சி. கே. பிரெய்ன் 1960-களில் பொறுக்கி எண்ணினார். மேற்கை எலும்பின் முழங்கைப் பக்க முனைகள் ஏராளமாகத் தப்பின. தோள்பக்க முனை ஒன்றுகூட மிஞ்சவில்லை. முழங்கைப் பக்கம் ஒரு வயதை ஒட்டியே இறுகிவிடும், தோள்பக்கம் மூன்று வயது தாண்டியும் மென்மையாக இருக்கும். மென்மையானதை மனிதரும் நாயும் சேர்ந்து மென்று தீர்த்துவிடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் மகாபான்ஸ்காட் குகையில் இதே மாதிரி சில எலும்புகள் மட்டும் மிகுந்திருந்ததைப் பார்த்து, ஆதி மனிதர் அவற்றை ஆயுதமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ரேமண்ட் டார்ட் சொல்லியிருந்தார். ஆட்டுக்காரர் குடியிருப்பின் குப்பை அந்தக் கருத்தைச் சாய்த்துவிட்டது. இந்தத் துறையில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அடுத்தது வயதுக் கணக்கு. தாடைப் பல்லின் தேய்மானத்தை வைத்து எந்த வயதில் அறுத்தார்கள் என்று பார்த்து, கறிக்கு வளர்த்ததா, பாலுக்கா, கம்பளிக்கா என்று பிரிக்கும் முறையை செபாஸ்டியன் பெய்ன் 1973-ல் துருக்கியின் அஷ்வான் காலேயில் கிடைத்தவற்றை வைத்து முன்வைத்தார். மூன்று மாதிரி வளைவுகள். காகிதத்தில் அழகாக இருக்கும். உயிருள்ள மந்தையில் எதுவும் அப்படிச் சுத்தமாக இராது. வறட்சி வருடத்தில் கிடைத்த விலைக்கு விற்பார்கள், காயடித்த கிடாவைக் கல்யாணத்துக்கென்று ஆறேழு வருடம் வைத்திருப்பார்கள். உயிரோடு விற்ற ஆட்டின் தாடை முகாமில் கிடைக்கவே கிடைக்காது. ஆகவே இளம் கிடாக்களின் தாடை குறைந்திருப்பது பால் மந்தை என்பதற்குச் சாட்சி ஆகாது, சந்தை பக்கத்தில் இருந்தது என்பதற்கும் அதே தடயம்தான் வரும்.

இனம் காண்பதிலும் வழுக்கும். நமீபியாவின் லெபர்ட் குகையில் கிடைத்த பற்களைச் செம்மறி அல்லது வெள்ளாடு என்று எண்ணி, தென்னாப்பிரிக்கப் பகுதியின் மிகப் பழைய வளர்ப்பு விலங்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். புரத ஆய்வு செய்தபோது அது ஸ்பிரிங்பாக் மான் என்று வந்தது. துண்டு துணுக்கான பல்லை வைத்துத் தேதி கணக்கிடுமுன் புரத ஆய்வுக்கு அனுப்புவது இப்போது கட்டாயம் என்றே சொல்லலாம்.

வீட்டு வளையங்களை எண்ணி மக்கள்தொகை சொல்லலாமா?

வேண்டாம். ஆளுக்கு 10 சதுர மீட்டர் கூரை என்று 1962-ல் ரவுல் நரோல் கொடுத்த விகிதம் நிலையான ஊர்களுக்கே தள்ளாடும். மேய்ச்சல் முகாமில் ஒரே குடும்பம் இரண்டு வருடத்தில் மூன்று வளையம் விட்டிருக்கலாம். ஒரு வளையம் குட்டிகளை அடைத்ததாகவும் இருக்கலாம்.

இன்றைய நாமா மக்கள் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கோய்கோய் மக்களைப் போலவே வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா?

அப்படி வைத்துக்கொண்டவர்கள் எல்லாம் சறுக்கியிருக்கிறார்கள். இன்றைய மந்தையில் போயர் வெள்ளாடும், 1930-களில் கலப்பில் உருவாக்கிய டோர்ப்பர் செம்மறியும் நிற்கின்றன. அன்று கொழுத்த வால் செம்மறியும் மாடும். இன்று ஆழ்துளைக் கிணறு, கம்பி வேலி, கழுதை வண்டி, பக்கி. காலனி ஆட்சியும் நிறவெறி ஆட்சியும் நிலத்தைப் பிடுங்கிச் சிறிய ஒதுக்குப் பகுதிக்குள் தள்ளியதால் நடக்கும் தூரமே சுருங்கிவிட்டது. அந்த நிலத்தின் ஒரு பகுதிக்காக ரிக்டர்ஸ்ஃபெல்ட் சமூகம் அலெக்ஸ்கோர் சுரங்க நிறுவனத்தோடு வழக்காடி 2003-ல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்றது.

ஆகவே ஒரு முகாமில் எத்தனை வீடு, எத்தனை நாள் தங்கல், எவ்வளவு தூரம் நடை போன்ற எண்களை அப்படியே பின்னுக்கு நகர்த்தக் கூடாது. இயற்பியலும் வேதியலும் நகரும். ஆட்டுக் குளம்பு மண்ணை எப்படி இறுக்கும், நாய் எந்த எலும்பைத் தின்னும், அமில மண் எதைக் கரைக்கும் என்பவை அன்றும் இன்றும் ஒன்று.

இதே தகராறு இரும்புக் கால ஊர்களிலும் உண்டு. பட்டி நடுவில், வீடுகள் சுற்றிலும் என்ற அமைப்பை மானிடவியலாளர் ஆடம் கூப்பர் இனவரைவுக் குறிப்புகளிலிருந்து எடுத்துரைக்க, தொல்லியலாளர் டாம் ஹஃப்மன் அதை ஆயிரம் வருடத்துக்கும் மேல் பின்னோக்கிப் பொருத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸூலு, ட்ஸ்வானா குடும்பங்களின் எண்ணத்தைக் கி.பி. முதல் ஆயிரத்தாண்டு உழவர் தலையில் வைக்கலாமா என்பது நியாயமான ஆட்சேபம். மாப்புங்குப்வே அருகே உள்ள கே2 என்ற ஊரிலேயே நடுவில் இருந்த மாட்டுப்பட்டியைப் பிறகு குப்பைமேடு மூடிவிட்டது. அமைப்பு காலத்தோடு மாறும் என்பதற்கு அதுவே போதும்.

கைவிட்ட முகாமைப் பதிவு செய்ய என்னென்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை அனுமதி. நிலத்துக்குரிய சமூக அமைப்பிடமும், அந்த முகாமில் கடைசியாக இருந்த குடும்பத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அமைப்பின் கடிதம் குடும்பத்தின் சம்மதம் ஆகாது.

பிறகு, முடிந்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இடத்தைச் சுற்றி நடங்கள். தரையில் எதையும் தொடுமுன் நடக்க வேண்டும். எது எங்கே இருந்தது, எந்த வருடம் விட்டார்கள், ஏன் விட்டார்கள், போகும்போது எதை எடுத்தார்கள், திரும்பி வர எண்ணமிருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். திரும்பி வர நினைப்பவர் அம்மியையும் கனமான பானையையும் புதருக்குள் ஒளித்து வைத்துப் போவார். வரமாட்டேன் என்பவர் எடுத்துப் போவார். தோண்டும்போது கிடைக்கும் பொருள்களின் அளவே இந்த ஒரு முடிவைப் பொறுத்தது.

வரைபடம் 1:100 அளவில், கையால். ட்ரோன் படம் கூடுதலாக எடுக்கலாம், ஆனால் சாம்பலும் பழைய புழுக்கையும் மேலிருந்து ஒரே நிறம். பட்டி, குட்டிப் பட்டி, வீட்டு வளையம், அடுப்பு, சாம்பல் கொட்டல், அறுக்கும் மரம், பால் கறக்கும் இடம், தண்ணீர்ப் பாதை என எல்லாவற்றையும் ஜிபிஎஸ் புள்ளியோடு குறியுங்கள்.

மண் மாதிரி: பட்டிக்குள் நடுவிலிருந்து வேலி வரை ஒரே கோட்டில் ஐந்தாறு இடம், வாசலில் ஒன்று, வீட்டுத் தரையில் இரண்டு, அடுப்பில் ஒன்று, வெளியே ஒப்பீட்டுக்கு மூன்று. ஒவ்வொன்றும் 200 கிராம் போதும். மேல் ஒரு சென்டிமீட்டரை ஒதுக்கிவிட்டு எடுங்கள், அது நேற்றைய தூசி. ஒவ்வொரு மாதிரிக்கும் கரண்டியைத் துடைக்காமல் விட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஈரமாக இருந்தால் பையைத் திறந்து நிழலில் உலர்த்துங்கள், பூஞ்சை பிடித்தால் கொழுப்பு ஆய்வு கெட்டுப்போகும். கொழுப்பு ஆய்வுக்கான மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். உண்ணி மருந்து அடித்த இடம் எது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மண் வேதியல் எண்கள் அங்கே நம்பத் தகுந்தவை அல்ல.

கடைசியாக, அதே புள்ளிகளிலிருந்து படம் எடுக்கத் தேதி குறித்து வையுங்கள். முதல் மழைக்குப் பின் ஒன்று, அடுத்த வருடம் ஒன்று. ஒருமுறை மட்டும் பதிவு செய்த முகாம், ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் தரும்.

குவாஸூலு-நேட்டாலிலேயே கற்றுக்கொள்ள இடம் உண்டா?

இடம் மாறும் மேய்ச்சல் இங்கே இல்லை, ஆனால் பட்டியைச் சுற்றி அமைந்த ஊர்கள் உண்டு. உலுண்டி அருகே செட்ஸ்வாயோ மன்னரின் ஒண்டினி 1879-ல் எரிக்கப்பட்டது, டிங்கானே மன்னரின் உம்குங்குண்ட்லோவு 1838-ல் எரிந்தது. தீயில் சுட்ட களிமண் தரைகள் செங்கல்போல் இறுகியதால்தான் இரண்டு இடத்திலும் வீட்டு வட்டங்களைத் தோண்டி எடுக்க முடிந்தது. எரியாமல் விட்டுப்போன ஊரின் தரை இப்படி நிற்காது. ஸூலு வீட்டின் இசிபாயாவுக்கு (மாட்டுப்பட்டி) அடியில் தானியக் குழிகள் வெட்டுவார்கள், மேலே சாணம் இறுகி மூடுவதால் தண்ணீரும் பூச்சியும் இறங்காது. பட்டியைத் தோண்டுபவர் குழி வாயைத் தவறவிடாமல் இருக்க இதுவும் தெரிந்திருக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் குவாஸூலு-நேட்டால் அருங்காட்சியகத்தில் தொல்லியல் பிரிவு இருக்கிறது, தொடங்குபவர்கள் அங்கே போகலாம்.

நடக்கும்போது பழைய பானை ஓடோ கல் கருவியோ கண்ணில் பட்டால் எடுக்கலாமா?

கூடாது. 1999-ம் ஆண்டின் 25-ம் எண் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் அரசின் உடைமை. உரிமம் இல்லாமல் எடுப்பதும் நகர்த்துவதும் குற்றம். முறையான கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே உள்ள, அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கல்லறைகளுக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. மேய்ச்சல் நிலத்தில் நீள்வட்டமாகக் குவிந்த கற்கள் தெரிந்தால் அது அடுப்பு என்று எண்ணிப் பிரிக்காதீர்கள், கல்லறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அளவுக்கு ஒரு சாவியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், ஜிபிஎஸ் எண்ணைக் குறித்து, தேசியப் பாரம்பரிய வள அமைப்பான சாஹ்ராவுக்கு அனுப்புங்கள். குவாஸூலு-நேட்டாலுக்குள் என்றால் மாகாணப் பாரம்பரிய அமைப்பான அமாஃபா. சரியான எண்களைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம், திருடர்களும் தமிழ் படிப்பார்கள்.